சதுப்பில் கால் வைத்த குதிரைகள்

‘ம்’ என்று சொல்லிவிட்டேன். வாயைத் திறக்காமலே சொல்லக்கூடியது உலகத்தில் அது ஒன்றுதான், அதைச் சொல்லித் தொலைத்துவிட்டேன். ஆல்வின் குனிந்து தன் குதிரைவீரர்களை ஒவ்வொருவராக நகர்த்தி என் பீரங்கிகளின் மூக்குக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, "சரியா அண்ணாச்சி?" என்று கேட்டான். கேட்பது வழக்கம். இந்த விளையாட்டில் கட்டைவிரல் உயரப் பொம்மைப் படையை மேசைமேல் எங்கே நகர்த்தினாலும் எதிரே நிற்பவரிடம் சரியா என்று கேட்க வேண்டும். அவர் சரி என்றால் மேலே போகலாம், இல்லை என்றால் டேப்பை எடுத்து மறுபடி அளக்க வேண்டும், அதிலும் ஒத்துவராவிட்டால் கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட வேண்டும். சரியில்லை. மேசை நடுவில் பச்சை ஃபெல்ட் துணியை வெட்டிப் போட்டிருக்கிறார்களே, அது சதுப்பு நிலம். சதுப்பில் கால் வைத்த குதிரை அந்த முறை பாதி தூரம்தான் போகலாம், பாய்ந்து தாக்கவே கூடாது. அவனுடைய குதிரைகளில் இரண்டு அந்தப் பச்சைத் துணியின் ஓரத்தில் ஏறி இறங்கித்தான் வந்தன, நான் பார்த்தேன், என் கண்ணுக்கு எதிரே, கைக்கு எட்டுகிற தூரத்தில். ஏறி இறங்கிவிட்டுச் சாவகாசமாகப் பாய்ந்தன. பகடையை உருட்டினான், ஆறும் ஆறுமாக விழுந்தது, அவனுக்கு விழாமல் வேறு யாருக்கு விழும், என் பீரங்கிகள் காலி. அவனே அவற்றைப் பத்திரமாக, சக்கரம் உடையாமல் எடுத்து மேசையோரத்தில் என் பக்கமாக வைத்தான். "பெயிண்டிங் என்னா அருமையா இருக்கு அண்ணாச்சி" என்று வேறு சொன்னான். கொன்றுபோட்டுவிட்டுச் சட்டை நன்றாக இருக்கிறது என்கிறான். இன்னும் அவன் முறை முடியவில்லை. இரட்டைக் கடிகாரத்தில் அவன் பக்கம்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தப் பொத்தானை அவன் தட்டுகிற வரைக்கும் நான் சொல்லலாம். தம்பி, சதுப்பு. இரண்டே வார்த்தை. சொன்னால் குதிரைகள் திரும்பிப் போகும், பீரங்கிகள் எழுந்து நிற்கும். தட்டிவிட்டால் நான் என்ன கத்தினாலும் செல்லாது. தப்பு செய்தவனே வாய்விட்டு ஒப்புக்கொண்டால்தான் உண்டு. வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருக்கிறாய் தீனதயாளா, சொல்லேன்.

கொழுக்கட்டை இல்லை, சுபத்ரா இருக்கிறாள். காலையில் படைப் பெட்டியை ஸ்கூட்டரில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது என் மனைவி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று சொன்னாள். "ஏனுங்க, போன வருசமாட்ட கையத் தூக்கித் தூக்கி நடுவரைக் கூப்பிட்டுப்போட்டு வந்து நிக்காதீங்க. கொஞ்சம் அனுசரிச்சு வெளையாடுங்க. கூப்பிட்டீங்கன்னா அப்படியே அங்கயே இருந்துக்கோங்க." அனுசரித்து. பொம்மைகளோடு விளையாடப் போகிற மனுசனுக்குச் சொல்கிற புத்திமதியைப் பார். போன வருடம் நான் கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் என் பக்கம்தான் தீர்ப்பு வந்தது, ஒன்றுகூடத் தப்பில்லை, அதை யாராவது சொல்கிறார்களா? லா பாயிண்ட் தீனா என்று பெயர் வைத்தார்கள். அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது என் பக்கத்து நாற்காலியில் ஒருவனுடைய பை இருந்தது, அவன் வந்து பையை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனான். பையை. நான் தயிர்சாதத்தை முழுசாகச் சாப்பிட்டேன், யாரையும் பார்க்கவில்லை, ஊறுகாய் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று தோன்றியது, கேட்கவில்லை. அப்புறம் பெனசீர் மேடம். குழந்தை வைத்தியர், இந்தப் போட்டிக்குத் தலைமை நடுவர், கொழும்பில் நடக்கிற போட்டிக்குப் போகிற ஐந்து பேர் அணியைத் தேர்ந்தெடுப்பதும் அவர்தான். நாலு பேர் முடிவாகிவிட்டது. ஐந்தாவது இடத்துக்கு நானும் ஆல்வினும். இன்றைக்குக் காலையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஊசி போடுவதற்கு முன்னால் குழந்தையிடம் பேசுகிற குரலில் சொன்னார்: "உங்க ஆட்டத்துல குறையே இல்லை சார். இதுல ஜெயிச்சா நீங்கதான். ஆனா அங்க போனா பசங்க நாள் பூரா உங்களோட இருக்கணும்ல, அதையும் யோசிக்கறாங்க. இன்னிக்கு உங்க மேசையில இருந்து சத்தம் வராமப் பாத்துக்குங்க." வரவில்லை மேடம். பாருங்கள், ஒரு சத்தமும் வரவில்லை. என் பீரங்கிகள் சாகும்போதுகூடச் சத்தம் வரவில்லை.

ஆல்வின் யோசித்துக்கொண்டிருக்கிறான், கீழுதட்டை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு. தூத்துக்குடிப் பையன், பெயர் மரிய ஆல்வின், துறைமுகத்தில் ஏதோ சரக்குக் கம்பெனியில் வேலை. வந்ததும் வராததுமாக ஒரு டப்பாவைத் திறந்து ஹால் முழுக்க முந்திரி மக்ரூன் கொடுத்தான். "எங்கம்மா குடுத்து விட்டாவ, எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி." எடுத்தேன். வாயில் வைத்ததும் கரைந்து போனது, நன்றாகத்தான் இருந்தது, அதுதான் எரிச்சல். அந்த டப்பா இப்போது கடிகாரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு மக்ரூனுக்குக் கட்டுப்பட்டா நான் வாயை மூடிக்கொண்டேன்? இவனுக்கு எல்லோரும் நண்பர்கள். இவன் பகடை மேசையிலிருந்து உருண்டு கீழே விழுந்தால் பக்கத்து மேசைக்காரன் ஓடிப்போய் எடுத்துக் கொடுக்கிறான், என்னுடையது விழுந்தால் நான்தான் மேசைக்கு அடியில் நுழைகிறேன். இது கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டு ஹால். மேசைகளில் எத்தனை வருடத்துச் சாம்பாரோ ஊறிக் கிடக்கிறது, குனிந்தால் பெருங்காய வாடை. மாடியில் யாருக்கோ நிச்சயதார்த்தம், நாதஸ்வரம் நின்று மைக்கில் ஒருவர் மாமன்மார்கள் மேடைக்கு வரவும் என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார், மாமன்மார்கள் வந்தபாடில்லை. ஆல்வினுக்குத் தெரிந்திருக்குமா? அதுதான் குடைகிறது. தெரியாமல் செய்தால் தப்பு, தெரிந்து செய்தால் களவு. இவ்வளவு தூரம் ஜெயித்து வந்தவனுக்குச் சதுப்பு விதி தெரியாதா? அதோ, முன்வரிசையில் நிற்கிற குதிரையின் அடித்தட்டில் ஒரு பச்சை நூல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஃபெல்ட் துணியின் நூல். சாட்சி சொல்ல ஆளே வேண்டாம், குதிரையே காலில் சாட்சியைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. அதைப் பார்க்காமல் இவன் வேறு எங்கெங்கோ பார்க்கிறான். சிரித்துச் சிரித்துக் கழுத்தறுக்கிற ஆட்களை நான் பார்த்ததில்லையா? சிரிக்கத் தெரிந்தவன் செய்தால் அது கவனக்குறைவு, சிரிக்கத் தெரியாதவன் அதைச் சுட்டிக்காட்டினால் அது சண்டை. "வெயிலு கூடுதலா அடிக்குல்லா" என்கிறான் இப்போது, மேசையிலிருந்து கண்ணை எடுக்காமல். நான் அதற்கும் ‘ம்’ என்றேன்.

இந்த ‘ம்’ எங்கேயிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். கம்பெனியிலிருந்து வந்தது. பம்ப்செட் கம்பெனியில் தர ஆய்வு என் வேலை. மோட்டாருக்குப் போகிற தண்டு ஒவ்வொன்றையும் அளவுமானியில் நுழைத்துப் பார்க்க வேண்டும், நுழைந்தால் பாஸ், நுழையாவிட்டால் சிவப்புச் சீட்டு. நுழையுமா நுழையாதா என்பதில் அனுசரிப்பதற்கு என்ன இருக்கிறது? இருக்கிறது என்கிறார் மேனேஜர். கொஞ்சம் அழுத்திப் பாருங்க தீனா, போகும். அழுத்தினால் எதுதான் போகாது? போன மாதம் ஒரு பெட்டி முழுக்கச் சிவப்புச் சீட்டு கட்டினேன், மறுநாள் காலையில் சீட்டுகள் இல்லை, பெட்டியும் இல்லை, லாரி ஏறிப் போய்விட்டது. யார் அவிழ்த்தது என்று கேட்டேன். எல்லோரும் நல்ல மாதிரியாகச் சிரித்தார்கள். ஒருவன் டீ வாங்கிக் கொடுத்தான். அந்த டீயைக் குடித்துக்கொண்டு நான் ‘ம்’ என்றேன், அன்றைக்குத்தான் முதல் தடவை, அன்றைக்கு வீட்டுக்கு வந்து சுபத்ராவிடம் சொன்னபோது அவள் சந்தோஷப்பட்டாள், பரவாயில்லையே, பழகிக்கிட்டீங்களே என்றாள். பழகிக்கொண்டேன். பழகிக்கொண்டதன் பலன்தான் இதோ மேசையோரத்தில் சக்கரம் மேலே பார்க்கப் படுத்துக் கிடக்கிறது. அந்தச் சக்கரத்தின் ஆரங்களுக்கு நான் ஒற்றை முடித் தூரிகையால் பித்தளை நிறம் தீட்டினேன், மூச்சை அடக்கிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய. ஊரோடு ஒத்து வாழ் என்கிறார்கள். ஊர் எந்தப் பக்கம் போகிறது என்று யாராவது பார்த்தார்களா?

அவன் கை கடிகாரத்தின் பக்கம் போகிறது. இல்லை, டப்பாவுக்குப் போனது, மூடியைத் தொட்டது, திரும்பி வந்துவிட்டது. சொல்லிவிடு. சொன்னால் பெனசீர் வருவார், மற்ற மேசைகளில் தலைகள் நிமிரும், ஆரம்பிச்சுட்டார்யா என்று எவனாவது முணுமுணுப்பான், தீர்ப்பு எனக்கு வரும், ஆட்டம் எனக்கு வரும், கொழும்பு வராது. சொல்லாவிட்டால் ஆட்டமே போகிறது, அப்போதும் கொழும்பு வராது. எப்படிப் பார்த்தாலும் என் தலையில்தான் இடி. இல்லை, பீரங்கி இல்லாமலும் ஜெயிக்கலாம், வலது பக்கம் காலாட்படை இருக்கிறது, குன்றைப் பிடித்துவிட்டால், வாயையும் மூடிக்கொண்டு ஆட்டத்தையும் பிடித்துவிட்டால், ஐயோ, அப்போது பெனசீர் என் கையைப் பிடித்துக் குலுக்குவார். எனக்குப் போக வேண்டும். அதை ஏன் மறைக்க வேண்டும், எனக்கு ரொம்பப் போக வேண்டும். பள்ளிக்கூடத்தில் கபடிக்கு ஆள் பிரிக்கும்போதுகூட மிச்சமாக நின்றவன் நான். ஒரு அணியில் என் பெயர் இருக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. இப்போதே சொல்லிவிட்டால் விதிப்படி நான் சுத்தம். விதிப்படி என்றதும் இன்னொன்று ஞாபகத்துக்கு வருகிறது, வேண்டாம், அது இப்போது வேண்டாம். பதினொன்றாம் விதி. வேண்டாம் என்றால் கேட்கிறதா மனசு. போன வருடம் ஒரு பேங்க் ஆபீசர் என்னோடு ஆடினார். நான் கொடியை ஒரு விரல் தள்ளித் தப்பாக வைத்ததைப் பார்த்துக்கொண்டே ‘ம்’ என்று தலையை ஆட்டினார், பார்த்ததைப் பையில் போட்டு வைத்திருந்து, தோற்கிற நேரத்தில் வெளியே எடுத்தார். எனக்கு ரத்தம் கொதித்தது. அதற்கப்புறம் விதிகளைத் திருத்த உட்கார்ந்த கூட்டத்தில் நான்தான் எழுதிக் கொடுத்தேன்: எதிராளியின் பிழையைப் பார்த்தும் சரி என்று சொல்லி ஆட்டத்தை நகரவிடுகிறவருக்கு அந்த ஆட்டத்தின் புள்ளிகள் கிடையாது, அந்தப் பிழையால் பாதிக்கப்பட்டவர் அவரே என்றாலும். பெனசீர் கேட்டார், பாதிக்கப்பட்டவனுக்கே தண்டனையா சார், பாவம் மரியாதைக்காகச் சும்மா இருந்திருந்தா? நான் மேசையைத் தட்டினேன். மரியாதைக்காகச் சும்மா இருக்கறவன்தான் மேடம் வெளிய போயி, அவன் ஏமாத்திப்போட்டான்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிவான், அவனத்தான் மொதல்ல புடிக்கோணும். எல்லோரும் அலுத்துப்போய்க் கை தூக்கினார்கள். டக். என்ன சத்தம் அது? கடிகாரம். தட்டிவிட்டான்.

"உங்க முறை அண்ணாச்சி." என் முறையாம். என் பக்கம் ஓட ஆரம்பித்துவிட்டது, நான் அந்த எண்களையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். முடிந்தது. இனி நான் சொல்லி ஒன்றும் ஆகாது. கோபம் மட்டும் மேலே மேலே ஏறுகிறது. பாவி, இன்னும் கொஞ்சம் யோசித்திருக்கக் கூடாதா, நான் சொல்ல இருந்தேனே. சொல்ல இருந்தேனா? மாடியில் மாமன்மார்கள் வந்துவிட்டார்கள் போல, கைதட்டுகிறார்கள். ஆடு, ஆடித் தொலை. காலாட்படையைக் குன்றின் பக்கம் நகர்த்தினேன், டேப்பை வைத்து அளந்தேன். "சரியா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவன் குனிந்து நன்றாகப் பார்த்தான், ஒரு கண்ணை மூடிக்கூடப் பார்த்தான், "கூட ஒரு நூல் போலாம் அண்ணாச்சி, கம்மியா வச்சிருக்கிய" என்றான். பார்த்தீர்களா, எனக்குச் சேர வேண்டியதை எடுத்துக் கொடுக்கிறான், இவனை நான் என்ன செய்ய? வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாட்டு மேசையில் இரண்டு படைகளையும் விரித்து நானே ஆடுவேன், இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் போய் ஒரு தரம். சரியா என்று நானே கேட்டு, சரி என்று நானே சொல்வேன். அங்கே தப்பே நடப்பதில்லை, சண்டையும் இல்லை, யாரும் பையை எடுத்துக்கொண்டு போவதும் இல்லை. சுபத்ரா அந்தப் பக்கமாக வந்தால் யாரு ஜெயிச்சாங்க என்று கேட்பாள். நான் என்பேன். இப்போது இங்கே யாருக்கும் தெரியாத ஒரு காரியம் நடந்திருக்கிறது. களவு செய்தவன் என்று நான் யாரைத் திட்டிக்கொண்டிருந்தேனோ அவன் வெள்ளந்தியாக நிற்கிறான். பார்த்தும் சரி என்று சொல்லி ஆட்டத்தை நகரவிட்டவன், டேப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன், வேறொருவன். என் பேனா, என் எழுத்து, என் கழுத்து. ஆனால் நான் சரி என்று சொல்லவில்லையே, ‘ம்’ என்றுதானே சொன்னேன். சீ, இதைத்தான் அந்தப் பேங்க் ஆபீசரும் சொன்னார். நான் பொத்தானைத் தட்டினேன்.

ஆல்வின் ஒரு மக்ரூனை எடுத்து வாயில் போட்டான். அது உதிர்ந்தது, வெள்ளைத் தூள் அவன் குதிரைகள்மேல் விழுந்தது. "ஐயோ, எங்கம்மா பாத்தா வைவாவ" என்று சொல்லிக்கொண்டே முன்வரிசைக் குதிரையை எடுத்து வாய்க்கு நேரே வைத்து ஊதினான். ஊதியவன் அப்படியே நின்றான். குதிரையைத் திருப்பினான். அடித்தட்டிலிருந்த பச்சை நூலை இரண்டு விரலால் பிடித்து இழுத்து, வெளிச்சத்தில் பார்த்தான். அப்புறம் சதுப்பைப் பார்த்தான். அப்புறம் அங்கேயிருந்து என் பீரங்கிகள் இருந்த இடம் வரைக்கும் கண்ணாலேயே ஒரு கோடு போட்டான், அவன் முகத்தில் அந்தக் கோடு ஓடுவதை நான் பார்த்தேன், வேண்டாம்டா, வேண்டாம், உன் பாட்டுக்கு ஆடு, எனக்கு இந்த உபகாரம் வேண்டாம் என்று எனக்குள் கத்தினேன். அவன் கடிகாரத்தை நிறுத்தினான். "அண்ணாச்சி, மன்னிச்சிருங்க. நான் பெரிய தப்பு பண்ணிட்டேன். இந்தக் குதிரை சதுப்புல ஏறித்தான் வந்திருக்கு. பாஞ்சிருக்கவே கூடாது. கோடு வரைஞ்ச சதுப்புலயே வெளையாடிப் பழகிட்டேன், துணி ஓரம் மடங்கிக் கெடந்தது தெரியலை." சொல்லிவிட்டுக் கையைத் தூக்கினான். அவன் கை. இன்றைக்கு என் மேசையில் நடுவரைக் கூப்பிட முதலில் உயர்ந்த கை என்னுடையது இல்லை. ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது, தூக்கியது யார் என்று தெரியாமல் என்னைத்தான் பார்த்தது, பக்கத்து மேசையில் ஒருவன் சிரித்தேவிட்டான். பெனசீர் உதட்டைக் கடித்துக்கொண்டு வருகிறார். என்ன சார், சொன்னேனே என்று அந்த நடையிலேயே தெரிகிறது.

விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. ஆல்வினைப் பார்த்துச் சிரித்தார், என்னைப் பார்த்தும் சிரித்தார். என்னைப் பார்த்து. "தானா வந்து சொல்லிட்டார், அதனால பழைய நிலைக்குக் கொண்டு போயிரலாம். தீனா சார், உங்க பீரங்கி ரெண்டும் திரும்ப வந்துரும்" என்றார். வந்துவிடும். பீரங்கி வரும், குன்று வரும், கொழும்பு வரும். நான் ஒன்றுமே செய்ய வேண்டாம், வாயைத் திறக்கவே வேண்டாம், இத்தனை நேரம் எதைச் செய்தேனோ அதையே இன்னும் கொஞ்ச நேரம் செய்தால் போதும். "வழக்கத்துக்குக் கேக்கறேன்" என்று பெனசீர் சொன்னார், கேட்கும்போதே பதிலையும் கையில் கொடுத்தார், "நீங்க அப்ப கவனிச்சிருக்க மாட்டீங்க, இல்லையா சார்?" எவ்வளவு அன்பாகக் கேட்கிறார். சிவப்புச் சீட்டை அவிழ்த்தவர்களும் இப்படித்தான் அன்பாகச் சிரித்தார்கள். அழுத்திப் பாருங்க தீனா, போகும். ஒரு ‘ம்’ போதும். அது என் தொண்டையில் தயாராக இருக்கிறது, உதடு மூடித்தான் இருக்கிறது, கொஞ்சம் மூச்சு விட்டால் சத்தம் வந்துவிடும். தவளை வாயைத் திறந்து கெட்டது என்பார்கள், நான் மூடிக் கெட்டவன், இன்னொரு தரம் மூடினால் என்ன குறைந்துவிடும்? வீட்டுக்குப் போய்ச் சுபத்ராவிடம் சொல்லலாம், கூப்பிடவே இல்லை தெரியுமா, அனுசரித்தே ஜெயித்தேன் என்று. அவளும் சந்தோஷப்படுவாள், பரவாயில்லையே என்பாள். அந்தப் பரவாயில்லையே என் காதில் விழுந்ததுதான் தாமதம், எங்கிருந்துதான் வந்ததோ அவ்வளவு ஆத்திரமும்.

"பாத்தேன்" என்றேன்.

"என்ன சார்?"

"பாத்தேன் மேடம். ரெண்டு குதிரை சதுப்புல ஏறி எறங்கினத அப்பவே பாத்தேன். இவரு சரியான்னு கேட்டாரு. நான் ‘ம்’னு சொன்னேன்."

பெனசீர் குரலைத் தாழ்த்தினார். "சார், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பாத்த மாதிரி இப்பத் தோணலாம்."

"தோணலை. பாத்தேன். நீங்க சத்தம் வரக் கூடாதுன்னீங்க, வரலை. பதினொண்ணாம் விதிய எடுங்க. எடுக்க வேண்டாம், எனக்கே மனப்பாடம். பாதிக்கப்பட்டவர் அவரே என்றாலும்."

ஆல்வின் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பச்சை நூல் இன்னும் அவன் விரலில் இருந்தது. "பாத்துட்டா ‘ம்’னிய?" என்றான். "அப்போ நான் வேணும்னே செஞ்சேன்னு நெனச்சியளா அண்ணாச்சி?"

"நெனச்சேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். டப்பாவை மூடிவிட்டான். வேண்டுமென்று மூடவில்லை, கைக்கு ஏதோ வேலை வேண்டியிருந்தது, எனக்கும் அது தெரியும், ஆனாலும் அந்த மூடியின் சத்தம் என்னவோ செய்தது. லா பாயிண்ட் தீனாவாக இருந்தபோது என்னை யாருக்கும் பிடிக்காது, ஆனால் நான் யாரையும் மனசுக்குள் திருடன் என்று சொன்னதில்லை. எதிரே நிற்கிறவனிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுவேன், அவன் மறுப்பான், அளப்போம், முடிந்தது. இன்றைக்கு நல்லவனாக இருந்து ஒருவனைத் திருடனாக்கி வைத்திருந்தேன், அவன் எனக்கு ஒரு நூல் கூடப் போகலாம் என்று சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில்.

பெனசீர் பலகையில் ஏதோ எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். "ஆட்டம் ஆல்வினுக்கு" என்றார். அப்புறம் என் பக்கம் குனிந்து, நடுவராக இல்லாமல், நிஜமாகவே வருத்தப்பட்டுச் சொன்னார்: "இந்த விதி வேண்டாம்னு அப்பவே சொன்னேன் சார். அடுத்த கூட்டத்துல எடுத்துரலாம்."

"எடுக்கக் கூடாது" என்றேன். சத்தமாகத்தான் வந்தது. ஹாலில் எல்லாத் தலையும் நிமிர்ந்தது, நிமிரட்டும். "எடுத்தீங்கன்னா மொதப் புகார் உங்க மேல நாந்தான் குடுப்பேன்."

பக்கத்து மேசைக்காரன் மறுபடி சிரித்தான். நான் பீரங்கிகளை எடுத்துப் பெட்டியில் வைக்க ஆரம்பித்தேன்.